‘வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பாட்டு? எங்கோ கேட்டது போலிருக்கிறதே?

கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க கன்ட்ரி (கிராமியச் சாயல் கொண்ட) இசை மேடைகளில், நிகழ்ச்சி முடியும் நேரத்தில் எல்லாக் கலைஞர்களும் ஒன்றாக வந்து நின்று பாடுவார்களே, பெரும்பாலும் அது இந்தப் பாட்டுதான். குளிரும் மேகமுமான ஒரு நாளில் ஜன்னலோரம் நிற்கும் ஒருவர், தம் தாயின் உடலை எடுத்துச் செல்ல வரும் சவ வண்டியைப் பார்க்கிறார். அங்கே பாட்டு தொடங்குகிறது. குடும்ப வட்டம் உடையாமல் இருக்குமா என்று பல்லவி கேட்கிறது. வானத்தில் இதைவிட நல்ல வீடொன்று காத்திருக்கிறது என்று தானே ஆறுதலும் சொல்லிக்கொள்கிறது. வட்டம் என்பது கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடி ஜெபித்த குடும்பம். சாவு ஒவ்வொருவராக எடுத்துப்போக, வட்டத்தில் இடைவெளி விழுகிறது.

எழுதியது கார்ட்டர் குடும்பம்தானே?

பாதி சரி. இன்று உலகம் பாடும் சரணங்கள் ஏ. பி. கார்ட்டரின் பெயரில் உள்ளவை. 1935 மே மாதம் நியூயார்க்கில் கார்ட்டர் குடும்பம் அவற்றை இசைத்தட்டுக்காகப் பாடியது. ஆனால் பல்லவி அதற்கு 28 ஆண்டுகள் மூத்தது. 1907இல் வெளிவந்த ஒரு நற்செய்திப் பாடலிலிருந்து வந்தது அது. அதன் சொற்கள் எய்டா ஹேபர்ஷன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியுடையவை; இசை சார்ல்ஸ் கேப்ரியேல் என்ற அமெரிக்கருடையது. அப்பலாச்சிய மலைப் பாட்டு என்று பலரும் கொண்டாடும் இதன் முதல் வரிகளை எழுதியவர் லண்டன்வாசி என்பது எனக்கு இன்றும் சிரிப்பூட்டும் செய்தி.

எய்டா ஹேபர்ஷன் யார்?

1861இல் லண்டனில், ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். வேதாகமத்தை ஆழமாகக் கற்றவர். பின்னால் வரப்போவதை முன்னறிவிப்பதாகக் கருதப்படும், பழைய ஏற்பாட்டு நிழல் அடையாளங்களைப் பற்றியும் இயேசுவின் உவமைகளைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் அந்த வட்டாரத்தில் நீண்டகாலம் படிக்கப்பட்டன. 1884இல் மூடி, சாங்கி என்ற புகழ்பெற்ற அமெரிக்கச் சுவிசேஷக இணையர் லண்டனுக்கு வந்தபோது அவர்களுடன் பழக்கம் ஏற்பட்டது.

பாட்டு எழுத வந்தது அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து. 1905இல் டாரி என்ற பிரசங்கியாரும் சார்ல்ஸ் அலெக்சாண்டர் என்ற பாடகரும் லண்டனில் பெரும் எழுப்புதல் கூட்டங்களை நடத்தினார்கள். கூட்டங்களுக்குப் புதிய பாட்டுகள் வேண்டும் என்று அலெக்சாண்டர் கேட்டார். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 200 பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டார் ஹேபர்ஷன். அந்த வேகத்தில் எழுதியவற்றில் பெரும்பாலானவை மறைந்துபோனதில் வியப்பில்லை. இரண்டு நிலைத்தன: ஒன்று நாம் பேசும் பாட்டு, மற்றொன்று ‘ஹீ வில் ஹோல்ட் மீ ஃபாஸ்ட்’. பின்னதற்கு அண்மைக் காலத்தில் புது மெட்டு அமைத்து மேலைநாட்டுச் சபைகளில் மறுபடி பாடுகிறார்கள். ஹேபர்ஷன் 1918இல் இறந்தார். தம் பல்லவி அடையவிருந்த புகழில் ஒரு துளியையும் அவர் பார்க்கவில்லை.

இசையமைத்த கேப்ரியேல்?

அயோவா மாநிலத்துக்காரர், 1856இல் பிறந்தவர். ஆயிரக்கணக்கான நற்செய்திப் பாடல்களுக்கு இசையமைத்தவர். ‘ஹிஸ் ஐ இஸ் ஆன் தி ஸ்பேரோ’ என்ற பாட்டின் மெட்டும் அவருடையதே. தொழில் தெரிந்தவர், இந்தப் பாட்டுக்கு அவர் போட்ட இசை கூட்டங்களுக்கு ஏற்றதாக, இதமாக இருக்கும். ஆனால் இன்று அதைப் பாடுபவர்கள் குறைவு.

1907 பாட்டு என்னதான் சொன்னது?

அது ஒரு பிரசங்கியாரின் பாட்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ‘நீ’ என்று பேசுகிறது. மகிமையில் இருக்கும் அன்பானவர்களை நீ நினைத்து ஏங்குகிறாயே, உன் காலம் முடியும்போது அவர்களுடன் சேருவாயா? சிறுவயதில் பாடிய பரலோகப் பாட்டுகள் நினைவிருக்கிறதா, இல்லை இவ்வுலகப் பாட்டுகள்தாம் இப்போது பிடிக்கின்றனவா? கணப்படுப்பைச் சுற்றிய இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிரிந்த குடும்பம் ஒருநாள் முழுமையாகுமா?

கூட்டத்தின் முடிவில், மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னே வரும்படி அழைக்கும் நேரத்துக்கென்றே செய்தது போன்ற பாட்டு. இறந்துபோன தாய் தந்தையரை நினைவூட்டி மனத்தைக் கரைக்கும் உத்தி அந்தக் காலச் சுவிசேஷகர்கள் அனைவருக்கும் கைவந்தது. பல்லவியின் இரண்டாம் பாதியும் கேள்விதான்: வானில் நல்ல வீடு காத்திருக்கிறதா? உனக்கு இடம் உண்டா என்று மறைமுகமாக மிரட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

கார்ட்டர் குடும்பம் என்பவர்கள் யார்?

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கிளிஞ்ச் மலையடிவாரத்து மேசஸ் ஸ்பிரிங் என்ற சிற்றூர்க்காரர்கள். மூன்று பேர்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை முறையான மேபெல். மேபெல் ஏ. பி.யின் தம்பியைத்தான் மணந்திருந்தார். 1927 கோடையில், விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் தற்காலிக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, பாடத் தெரிந்தவர்களை அழைத்தார். பாட்டுக்கு 50 டாலர். மலையடிவாரத்தில் அது பெரும் பணம். நிறைமாதத்தை நெருங்கிய மேபெல் உட்பட மூவரும் மண்சாலையில் கார் ஏறிப் போய் ஆறு பாட்டுகளைப் பதிந்துவிட்டுத் திரும்பினார்கள். கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். கன்ட்ரி இசையின் மற்றொரு முன்னோடியான ஜிம்மி ராட்ஜர்ஸும் அதே கூடத்தில்தான் முதன்முதலாகப் பாடினார்.

சாராவின் குரல் அலங்காரமற்றது, கொஞ்சம் கனமானது. மேபெல்லின் கிட்டார் வாசிப்பு ஒரு தலைமுறைக்கே பாடமாயிற்று: கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசிக்கும், சுட்டுவிரல் மேல்தந்திகளை வருடித் தாளம் கொடுக்கும். ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும். 1928இல் 275 டாலர் கொடுத்து அவர் வாங்கிய கிப்சன் கிட்டார் இப்போது நாஷ்வில் நகரில், கன்ட்ரி கலைஞர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏ. பி. கார்ட்டர் பாட்டில் என்ன மாற்றினார்?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும். எனக்கு இந்தப் பாட்டின் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஹேபர்ஷனின் சரணங்களை அவர் முழுமையாகத் தூக்கி எறிந்தார். பிரசங்கியார் போய்விட்டார். ‘நீ’ போய் ‘நான்’ வந்தது. அறிவுரை இருந்த இடத்தில் ஒரு சாவு வீடு வந்தது. ஜன்னல், மேகமூட்டம், சவ வண்டி. அடுத்த சரணத்தில், வண்டியோட்டி வந்தவரிடம், ஐயா, மெதுவாக ஓட்டுங்கள், நீங்கள் கொண்டுபோவது என் தாயை என்று மகன் கெஞ்சுகிறான். பிறகு வண்டியின் பின்னாலேயே நடக்கிறான். தைரியமாக இருக்கப் பார்க்கிறான். குழியில் இறக்கும்போது முடியவில்லை. கடைசியில் வீடு திரும்புகிறான், அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் அழுகிறார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அவ்வளவுதான். மனந்திரும்புதல் பற்றி ஒரு சொல் இல்லை. நரகம் இல்லை. நீ அங்கே வந்து சேருவாயா என்ற கேள்வி இல்லை. ‘மெதுவாக ஓட்டுங்கள்’ என்ற ஒரு வேண்டுகோளுக்காகவே இந்தப் பாட்டு நூறாண்டு தாண்டும் என்று நினைக்கிறேன். இடுகாட்டுக்குப் போகும் வழி இன்னும் கொஞ்சம் நீளக்கூடாதா என்று நினைக்காத பிள்ளை உண்டா?

பல்லவியிலும் ஒரு சிறு திருத்தம் நடந்தது. முதல் பாதி கேள்வியாகவே இருந்தது. நல்ல வீடு காத்திருக்கிறதா என்ற இரண்டாம் பாதி மட்டும், காத்திருக்கிறது என்று உறுதிமொழியாக மாறியது. நடுவே ஆண்டவரை விளிக்கும் ஒரு சொல்லும் புகுந்தது. துக்கத்தில் இருப்பவனுக்குப் பரிட்சை வைக்கக் கூடாது என்ற பண்பு அந்த மலையடிவாரத்தாருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1935இல் இதைப் பதிவு செய்தபோது ஏ. பி.யும் சாராவும் ஏற்கெனவே பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பாடும்போது மட்டும் ஒன்றாக நின்றார்கள். பாட்டின் மகன் சாவைப் பற்றித்தான் பேசுகிறான். ஆனாலும் சாராவின் குரலைக் கேட்கும்போது இதை மறப்பது கடினம்.

மெட்டு கேப்ரியேலுடையதா, கார்ட்டருடையதா?

இன்று பாடப்படும் மெட்டு கேப்ரியேலுடையது என்று சொல்ல முடியாது. சரணத்துக்கும் பல்லவிக்கும் ஏறத்தாழ ஒரே மெட்டைக் கார்ட்டர்கள் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இரண்டு முறை கேட்டதும் கூட்டம் சேர்ந்து பாடிவிடுகிறது. அந்த மெட்டு, கறுப்பின மக்களின் சபைகளில் பாடப்பட்ட ‘குளோரி, குளோரி, சின்ஸ் ஐ லெய்ட் மை பர்டன் டவுன்’ என்ற பாட்டை மிகவும் ஒத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

அப்படியானால் இதைத் திருட்டு என்று சொல்லலாமா?

அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஏ. பி. ஒரு பாட்டு சேகரிப்பாளர். ஊர் ஊராகப் போய், கிழவிகளிடமும் சபைகளிலும் கேட்ட பாட்டுகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வந்து, அவற்றைச் செப்பனிட்டுப் பாடுவதே அவர் வேலை. ரால்ஃப் பியரின் வருமானமோ பதிப்புரிமையில் இருந்தது. பழைய பாட்டு அப்படியே இருந்தால் உரிமை கோர முடியாது; சற்று மாற்றினால் கோரலாம். அந்த ஏற்பாட்டில் பழைய பாட்டுகள் பல ‘ஏ. பி. கார்ட்டர்’ என்ற பெயரில் பதிவாயின. இந்தப் பாட்டில் அவருடைய பங்கு உண்மையிலேயே பெரிது என்பதை முன்பே சொன்னேன். ஹேபர்ஷன், கேப்ரியேல் பெயர்களும் தட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

இதைவிட எனக்கு உறுத்துவது லெஸ்லி ரிடிலின் கதை. டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரில் வாழ்ந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி.யுடன் பாட்டு தேடும் பயணங்களில் கூடவே போனார். சொற்களை ஏ. பி. எழுதிக்கொள்ள, மெட்டை மனத்தில் ஏந்தி வந்தவர் ரிடில். இனப்பிரிவினை உச்சத்தில் இருந்த தெற்கில் கறுப்பினத்தவர் வீடுகளும் சபைகளும் ஏ. பி.க்குத் திறந்ததில் ரிடிலின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. மேபெல்லும் அவரிடம் கிட்டார் நுணுக்கங்களைக் கற்றார். இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1960களில் மைக் சீகர் என்ற நாட்டுப்புற இசைக் கலைஞர் தேடிப்போய்ப் பதிவு செய்த பிறகே வெளியுலகம் அவரை அறிந்தது.

தலைப்பு ‘வில்’ என்று தொடங்குமா, ‘கேன்’ என்றா?

1907 பாட்டு ‘வில்’. கார்ட்டர்களின் 1935 தட்டு ‘கேன்’. பின்னால் வந்தவர்கள் கார்ட்டர் சரணங்களைப் பாடிக்கொண்டே பழைய தலைப்புக்குத் திரும்பிவிட்டார்கள். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

கறுப்பின நற்செய்தி இசையில் இதற்கு இடம் உண்டா?

நிச்சயமாக. சிகாகோவின் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பத்தைக் கேளுங்கள். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டச் சூழலில் வளர்ந்து வடக்கே குடியேறிய பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ், தம் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து முதன்முதலில் கற்றுக்கொடுத்த பாட்டு இது என்று மகள் மேவிஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடுங்கும் ஒலியுடைய எலெக்ட்ரிக் கிட்டார், நிதானமான தாளம், அடிவயிற்றிலிருந்து வரும் குரல்கள். கார்ட்டர்களின் பதிவில் அடங்கிய துக்கம் இருக்கிறது. இவர்களுடையதில் துக்கம் வாய்விட்டுப் பேசுகிறது. இது வெள்ளையர் பாட்டா, கறுப்பினத்தவர் பாட்டா என்று வாதிடுகிறவர்களிடம் இந்த இரண்டு பதிவுகளையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஜானி கேஷ் பாடியது இதுதானா?

புகழ்பெற்ற கன்ட்ரி பாடகரான கேஷ் இந்தப் பாட்டைப் பலமுறை மேடையில் பாடியிருக்கிறார். ஆனால் பலரும் நினைப்பது ‘டேடி சேங் பேஸ்’ என்ற வேறொரு பாட்டு. கார்ல் பெர்க்கின்ஸ் எழுதியது. ஏழைக் குடும்பம் ஒன்று சேர்ந்து பாடியதை நினைவுகூர்வது. அதற்குள் நம் பல்லவி எடுத்தாளப்பட்டிருக்கிறது. 1969இன் தொடக்கத்தில் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடம் பிடித்தது. கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர், மேபெல்லின் மகள்.

1972 இசைத்தட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

பேசத் தகுந்ததுதான். நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்பது கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத்து இளைஞர் குழு. நீள முடி, தாடி. வியட்நாம் போர்க் காலம். அந்தத் தோற்றமே அரசியலாகப் பார்க்கப்பட்டது. நாஷ்வில்லின் மூத்த கலைஞர்கள் பெரும்பாலும் பழமைவாதிகள். 1971 ஆகஸ்டில் இந்த இளைஞர்கள் அங்கே போய், தாங்கள் வணங்கும் முன்னோர்களுடன் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ், ஜிம்மி மார்ட்டின் ஆகியோர் சம்மதித்தார்கள். மேபெல்லும் வந்தார், அப்போது அவருக்கு 62 வயது. ராய் அக்கஃப் தயங்கித் தயங்கி வந்து, அவர்கள் பதிவு செய்தவற்றைக் கேட்ட பிறகு இறங்கினார். கன்ட்ரி இசையின் ஒரு கிளையான புளூகிராஸின் தந்தை பில் மன்றோ மறுத்துவிட்டார்.

வுட்லேண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து நேரடியாக இரண்டு தடங்களில் பதிந்தார்கள். பாட்டுகளுக்கு இடையிலான பேச்சையும் வெட்டாமல் விட்டார்கள். பார்வையற்ற டாக் வாட்சன், எந்தக் கலைஞரின் நினைவாகத் தம் மகனுக்கு மெர்ல் என்று பெயரிட்டாரோ அந்த மெர்ல் டிராவிஸை முதன்முறையாகச் சந்திக்கும் உரையாடல் அதில் இருக்கிறது. பாட்டுகளைவிட அதைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு. அதற்கே இந்தப் பாட்டின் பெயர். தலைப்புப் பாட்டில் முதல் சரணத்தை மேபெல் தொடங்க, பல்லவியில் கூடமே சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2005ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தத் தொகுப்பைச் சேர்த்தது. 1989இல் இரண்டாம் தொகுதி வந்து, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் அவ்வாண்டுச் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றது. 2002இல் மூன்றாவது தொகுதி.

இரண்டாம் தொகுதியில் ஒரு புதுச் சரணம் வருகிறது. மேபெல் 1978இல் இறந்திருந்தார். சிறுவயதுப் பாட்டுகளை, மதர் மேபெல் கற்றுத்தந்த விசுவாசப் பாட்டுகளைப் பாடினோம் என்கிறது அது. பாட்டில் சவ வண்டி ஏறிப்போன பெயரில்லாத் தாய்க்கு அங்கே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. ஹேபர்ஷனின் பழைய பாட்டும் சிறுவயதில் கற்ற பாட்டுகள் நினைவிருக்கிறதா என்று கேட்டதே, ஏ. பி. கழித்துப்போட்ட அந்த எண்ணம், 1907 பாட்டுக்கு 82 ஆண்டுகள் கழித்து, வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

நாஷ்வில் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு?

கௌரவம் பெற்ற கலைஞர்களின் பட்டயங்கள் பதிக்கப்பட்ட வட்ட வடிவ மண்டபத்தின் சுவரில் பாட்டின் தலைப்பு வளையமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. புதியவர்களைச் சேர்க்கும் விழாக்கள் இந்தப் பாட்டோடுதான் முடிகின்றன. கார்ட்டர் குடும்பம் அங்கே சேர்க்கப்பட்டது 1970இல். குடும்பத்தைக் குறித்த வட்டம், ஒரு தொழில்துறையின் பரம்பரையைக் குறிப்பதாக ஆகிவிட்டது. அந்த மாற்றத்தில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு: விழா மேடையில் உற்சாகமாகக் கைதட்டிப் பாடும்போது, இது ஒரு அடக்க ஆராதனைப் பாட்டு என்பதே மறந்துபோகிறது.

விடியோ விளையாட்டு ஒன்றில் கேட்டேனே?

2013இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’. கதை 1912இல் நடப்பதாக அமைந்தது. எனவே 1907 பாட்டு அங்கே காலப்பிழை ஆகாது. இளைஞர்கள் பலர் அந்த வழியாகத்தான் இந்தப் பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

விசுவாசி இல்லாதவர்களும் ஏன் பாடுகிறார்கள்?

மறுமையைப் பற்றிய பகுதி பல்லவியில் மட்டும் இருப்பதால். சரணங்களில் இருப்பது மண்ணும் வண்டியும் அழுகையும். வாய்மொழி வரலாற்றுக்குப் பேர்போன ஸ்டட்ஸ் டெர்க்கல், 2001இல் சாவைப் பற்றிப் பலரிடமும் பேசித் தொகுத்த நூலுக்கு இந்தத் தலைப்பையே வைத்தார். அவர் தம்மைக் கடவுள் ஐயவாதி என்று சொல்லிக்கொண்டவர்.

எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

1935 கார்ட்டர் பதிவு முதலில். ஒலித்தரம் பழையது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஸ்டேப்பிள் சிங்கர்ஸ். பிறகு 1972 தொகுப்பு, முடிந்தால் முழுமையாக. கிரெக் ஆல்மன் 1973இல் பாடியதும், நெவில் பிரதர்ஸ் 1989இல் பாடியதும் மெட்டை வேறு திசைகளில் இழுத்துச் செல்பவை; நெவில்கள் நியூ ஆர்லியன்ஸ் மணத்தோடு பாடுகிறார்கள்.

நானே கிட்டாரில் வாசிக்கலாமா?

தாராளமாக. மூன்று கார்டுகள் போதும்: ஜி, சி, டி. மேபெல்லின் கட்டைவிரல் முறையைப் பழக விரும்புகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கப் பாட்டு. வேகத்தை மட்டும் ஏற்றாதீர்கள். பதிவு செய்து வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவில் 1907 பாட்டு பொதுச்சொத்து, கார்ட்டர் சரணங்களை அப்படி எடுத்துக்கொள்ளாமல், உரிமை நிலையைச் சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள்.